நிலமும் வீடும் கோயிலும்: சிங்கப்பூர் நகர வரலாறு புகட்டும் பாடம்

நகரம் ஒன்றைப் பரிபாலிப்போர் கையில் மூன்று அதிகாரங்கள் உள்ளன. எந்தக் காணி எந்த உபயோகத்துக்கு உரியது என்று வகுப்பது ஒன்று. வசதி குறைந்தோர் எங்கே, எவ்வளவு வாடகையில் வாழ்வது என்று தீர்மானிப்பது இன்னொன்று. முன்னோர் கட்டி வைத்துச் சென்றவற்றுள் எதனைக் காப்பது, எதனை இடிப்பது என்று முடிவு செய்வது மூன்றாவது. இவை தனித்தனி விடயங்கள் போலத் தோன்றும். ஆயினும் ஊர் பெருத்து நிலம் அருகும்போது மூன்றும் ஒரே காணியின் மேல் வந்து மோதுகின்றன. பழைய வீதியைக் காத்தால் புது வீட்டுக்கு இடமில்லை. புது வீடு கட்டினால் பழைய வீதி இல்லை. நிலத்தின் விலை ஏறினால் ஏழைக்கு இரண்டுமே இல்லை.

இந்த மோதலை இருநூறு ஆண்டுகளாகக் கண்ட நகரம் சிங்கப்பூர். தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் எம்மவர் சென்று வாழ்ந்த ஊர் அது. காத்தோங் பகுதியில் இலங்கையின் பெயர் தாங்கிய சிலோன் றோட் என்னும் வீதியில், சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கத்தின் பரிபாலனத்தில் ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயம் இன்றும் விளங்குகின்றது. ஆகவே அந்நகரின் கதை எமக்கு முற்றும் அந்நியமானதன்று. அதனை ஈண்டுச் சுருக்கமாக எடுத்துக் கூற முயல்வோம்.

முதலாவது நகர அமைப்பும் மாரியம்மன் கோயிலும்

1819 ஆம் ஆண்டு ஸ்ரம்போர்ட் றாபிள்ஸ் சிங்கப்பூரில் ஆங்கிலேயரின் வர்த்தக நிலையத்தைத் தாபித்தார். அவ்வாண்டிலேயே பினாங்கிலிருந்து அவருடன் வந்தவர் நாராயண பிள்ளை என்னும் தமிழர். அவ்வூரில் முதலாவது செங்கற் சூளையை அமைத்தவர் அவரே. வீடு கட்டும் தொழிலில் அங்கு முதன்முதல் ஒப்பந்தகாரராக இருந்தவரும் அவரே என்பர்.

தம் மக்களுக்கு ஒரு கோயில் வேண்டுமென்று நாராயண பிள்ளை நிலம் கேட்டார். முதலில் தெலோக் ஆயர் வீதியில் இடம் கிடைத்தது. அங்கே கோயிற் கிரியைகளுக்கு வேண்டிய நன்னீர் இல்லை. பின்னர் 1821 இல் ஸ்ரம்போர்ட் கால்வாய்க்கு அருகில் வேறோர் இடம் கிடைத்தது. ஆனால் 1822 இல் றாபிள்ஸ் ஒரு நகரக் குழுவை நியமித்து, ஊர் முழுவதையும் பகுதி பகுதியாக வகுக்கச் செய்தார். லெப்டினன்ட் ஜாக்சன் வரைந்த அந்தப் படத்தில் ஐரோப்பியருக்கு ஒரு பகுதி, சீனருக்கு ஒரு கம்பம், சூலியருக்கு ஒரு கம்பம், அராபியருக்கும் பூகிசருக்கும் தனித்தனி இடங்கள் என நிலம் பிரிக்கப்பட்டது. கோயிலுக்கென்று கிடைத்த இரண்டாவது இடம் இவ்வமைப்புக்குப் பொருந்தவில்லை. 1823 இல் தான் சவுத் பிறிட்ஜ் றோட்டில் மூன்றாவது காணி கிடைத்தது. அங்கே 1827 இல் மரத்தாலும் அத்தாப்புக் கூரையாலும் ஆன சிறு கோயில் எழுந்தது. அதுவே ஸ்ரீ மாரியம்மன் ஆலயம்.

ஒரு கோயில் எங்கே இருப்பது என்பதைப் பக்தரின் விருப்பம் மட்டும் நிர்ணயிப்பதில்லை. நகரின் நிலவகுப்பும் நிர்ணயிக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுமோ? பின்னாளில் அக்கோயிலைச் சுற்றிச் சீனர் குடியிருப்பே வளர்ந்தது. ஆயினும் அதன் இருபுறத்து வீதிகளும் பகோடா வீதி, ரெம்பிள் வீதி என அக்கோயிலாலேயே பெயர் பெற்றன.

றாபிள்ஸ் விதித்த இன்னொரு விதியும் நகரின் முகத்தை அமைத்தது. செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப்படும் வீடு ஒவ்வொன்றும் வீதிப் பக்கத்தில் கூரையுள்ள நடைபாதை ஒன்றை வைத்தல் வேண்டும். அது தொடர்ச்சியாய், எவரும் எந்நேரமும் நடக்கத் திறந்ததாய் இருத்தல் வேண்டும் என்றார். அதுவே எம்மவர் பேச்சில் 'அஞ்சடி' என வழங்குவது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கவும், சில்லறை வியாபாரம் செய்யவும், மாலையில் அயலவருடன் பேசியிருக்கவும் அந்த அஞ்சடி உதவிற்று. கீழே கடையும் மேலே வாசமுமாக அமைந்த கடைவீடுகள் நிரை நிரையாக நின்ற வீதிகளின் அழகு அந்த விதியால் வந்ததே.

கடைவீட்டினுள்ளே

வெளித்தோற்றம் அழகியது, உள்ளே வாழ்வு கொடியது. துறைமுகம் வளர வளரக் கூலி வேலைக்கு வந்தோர் தொகை பெருகிற்று. ஒரு குடும்பத்துக்கெனக் கட்டிய மாடியை மரப்பலகையால் தடுத்துத் தடுத்துச் சிறு அறைகளாக்கி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டனர். பல அறைகளுக்குச் சாளரம் என்பதே கிடையாது. 1907 இல் வெளியான வைத்தியர் சிம்சனின் சுகாதார அறிக்கை, முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இவ்வீடுகளில் காற்றும் வெளிச்சமும் இன்றிக் கசநோய் பரவுவதை எடுத்துக் காட்டிற்று. வீடுகளின் பின்னே ஒழுங்கைகள் வெட்டுதல் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது அதன் பின்னரே.

1927 இல் சிங்கப்பூர் இம்புறூவ்மென்ற் ட்றஸ்ற் என்னும் நகரத் திருத்தச் சபை உருவாயிற்று. அதன் முதற் கடமை ஒழுங்கை திறப்பதும் பாழ்வீடு இடிப்பதுமே. பொதுமக்களுக்கு வீடு கட்டும் அதிகாரம் அதற்குத் தொடக்கத்தில் முழுமையாக அளிக்கப்படவில்லை. ஆயினும் 1936 இல் தியோங் பாருவில் அது கட்டத் தொடங்கிய மாடி வீடுகள், வளைந்த மூலைகளும் காற்றோட்டமும் உடையனவாய் இன்றும் பார்ப்போரைக் கவர்கின்றன. 1959 வரையான முப்பத்திரண்டு ஆண்டுகளில் அச்சபை கட்டி முடித்தவை ஏறக்குறைய 23,000 வீடுகளே. 1957 இன் குடிசன மதிப்பில் நகரின் சனத்தொகையோ 1,445,929. வீடின்றித் தவித்தோர் நகரின் ஓரங்களில் பலகையும் அத்தாப்பும் கொண்டு தாமே குடிசை அமைத்துக்கொண்டனர்.

யுத்தத்தின் பின் 1947 இல் பிறந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய வீடுகளின் வாடகையை 1939 ஆம் ஆண்டின் அளவிலேயே நிறுத்தி வைத்தது. இச்சட்டத்தின் விளைவு சிந்திக்கத்தக்கது. ஏழைகளை வீதிக்குத் தள்ளாது காத்தது அது. வீட்டுக்காரரும் வாடகையாளரை எழுப்பிப் புதுக் கட்டிடம் எழுப்ப இயலாமையால், கடைவீடுகளும் இடிபடாது நின்றன. ஆனால் சொற்ப வாடகை பெறுபவர் கூரையைத் திருத்துவாரா? முதல் வாடகையாளரே அறைகளைப் பலருக்கு மேல்வாடகைக்கு விட்டு இலாபம் பெற்றார். வீடு நின்றது, நின்றபடியே உக்கிற்று.

தீயும் சட்டமும்

1951 இல் சிங்கப்பூர் மாநகர அந்தஸ்துப் பெற்றது. 1957 இல் மாநகர சபைத் தேர்தல் நடந்து ஒரு நகரபிதாவும் பதவி ஏற்றார். 1958 இல் நகர அமைப்புப் பெருந்திட்டம் அங்கீகரிக்கப்பட்டது. பசுமை வளையமும் துணை நகரங்களும் என்ற அதன் கருத்து, பற்றிக் அபர்குறொம்பி 1944 இல் இலண்டனுக்கு வகுத்த திட்டத்தின் வழி வந்தது. அதே அபர்குறொம்பி 1948 அளவில் எமது கொழும்புப் பிரதேசத்துக்கும் திட்டம் வகுத்தவர் என்பதை வாசகர்கள் அறிவர். இரு நகரங்களும் ஒரே பாடப்புத்தகத்தைக் கையில் வைத்திருந்தன எனலாம்.

1959 இல் சுயாட்சி கிடைத்தபின் மாநகர சபையின் அலுவல்களை அரசாங்கமே ஏற்றது. 1960 பெப்ரவரி முதலாந் திகதி வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பிறந்தது. அதன் முதலாவது தலைவர் லிம் கிம் சான் என்னும் வர்த்தகர். அப்பதவிக்கு அவர் சம்பளம் பெறவில்லை. முதல் ஐந்தாண்டில் 50,000 க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. ஓரறை வீட்டுக்கு மாதம் 20 வெள்ளி, ஈரறைக்கு 40, மூவறைக்கு 60 என வாடகை வைத்தனர்.

1961 மே 25 ஆந் திகதி, ஹஜ்ஜுப் பெருநாளன்று, புக்கிட் ஹோ சுவீ குடியிருப்பில் தீ மூண்டது. நால்வர் மாண்டனர். ஏறக்குறைய 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தனர். பாடசாலைகளில் தங்க வைக்கப்பட்ட அம்மக்களுக்கு ஓராண்டளவில் பெரும்பாலும் தொடர்மாடி வீடுகள் கிடைத்தன. எரிந்த நிலத்தையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டு அதன்மேல் மாடிகளை எழுப்பிற்று. புதிய கழகத்தின் மேல் பொதுமக்களின் நம்பிக்கை வேரூன்றியது அப்போதுதான்.

வீடு கட்டக் காசு மட்டும் போதாது. மலிவான நிலம் வேண்டும். 1966 ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் இதற்கு வழி செய்தது. பொதுத் தேவைக்கென்று அரசாங்கம் குறித்த காணியை உரிமையாளர் மறுக்க இயலாது. 1973 இல் வந்த திருத்தம், நட்டஈட்டை அவ்வாண்டு நவம்பர் 30 ஆந் திகதி விலைக்கு மேற்படாதபடி கட்டுப்படுத்திற்று. நகரம் வளர்வதால் நிலத்துக்கு ஏறும் விலை, அந்நிலத்தை வைத்திருந்தவரின் உழைப்பால் வந்ததன்று. ஆகவே அது பொதுமக்களுக்கே சேரவேண்டும் என்பது அரசினரின் வாதம். 1960 இல் நாட்டு நிலத்தில் 44 சதவீதம் அரசாங்கத்திடம் இருந்தது. 1985 இல் அது 76 சதவீதமாயிற்று.

வாதம் நியாயமானதே. ஆயினும் அதன் பாரம் எல்லோர் தோளிலும் சமமாக இறங்கவில்லை. பரம்பரைக் காணியை விட்டவர் சந்தை விலை பெறவில்லை. சந்தை விலைப்படி நட்டஈடு அளிக்கும் முறை 2007 இலேயே வந்தது. காணியுரிமை இல்லாது கம்பங்களில் குடியிருந்தோர், கோழியும் பன்றியும் வளர்த்துச் சீவித்த தொழிலை இழந்து பத்தாம் மாடிக்கு ஏறினர். தோ பாயோவில் நகரம் அமைக்க முனைந்தபோது அங்கிருந்தோர் பலத்த எதிர்ப்புக் காட்டினர். அவர்களுக்குக் கிடைத்தவை குழாய்நீர், மின்சாரம், மலசல கூடம், தீக்கு அஞ்சாத கூரை. அவர்கள் விட்டு வந்தது அயல். இரண்டையும் ஒரே தராசில் இட்டு நிறுப்பது எளிதன்று.

1964 இல் வீட்டைச் சொந்தமாக வாங்கும் திட்டமும், 1968 இல் மத்திய சேமநிதிப் பணத்தை அதற்குச் செலுத்தும் வசதியும் வந்தன. தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகையில் வீடு பெற்றவர்கள் இன்று மிகப் பலர். குடிமக்களுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் கழகத்தின் வீடுகளிலேயே வாழ்கின்றனர். உலகில் வேறெந்தப் பெருநகரும் இதனை இவ்வளவில் சாதித்ததாகக் கூறுதல் அரிது.

1989 இல் ஒவ்வொரு தொகுதியிலும் கட்டிடத்திலும் இன்ன இனத்தவர் இத்தனை வீதத்துக்கு மேற்படலாகாது என்ற விதியும் பிறந்தது. இந்தியருக்கும் ஏனையோருக்கும் தொகுதியில் 10 சதவீதம், கட்டிடத்தில் 13 சதவீதம் என அப்போது வரையறுத்தனர்; 2010 இல் அவை 12, 15 ஆக உயர்ந்தன. இனங்கள் தனித்தனிக் கூடாரமடித்துப் பகை கொள்ளாதிருக்க இது உதவிற்று. றாபிள்சின் நகரப்படம் இனங்களைப் பிரித்து வைத்தது. இவ்விதியோ கலந்து வைத்தது. எனினும் வரையறை நிறைந்த கட்டிடங்களில் சிறுபான்மையினர் தம் வீட்டை விற்க வாங்குவோரைத் தேடி இடர்ப்படுவதும் உண்டு.

இடித்தலும் காத்தலும்

புறநகரில் வீடுகள் எழ, நகரின் நடுப்பகுதியில் பழைய வீதிகள் வீழ்ந்தன. 1963 இல் ஐக்கிய நாடுகள் அனுப்பிய ஏப்றம்ஸ், கோபே, கூனிக்ஸ்பேர்கர் ஆகிய மூவர் நகரைப் புதுப்பிக்கும் வழிகளை வகுத்தபோதே, பழைய பகுதிகளின் குறைகளோடு அவற்றின் நிறைகளையும் அறிந்து பேண வேண்டும் எனக் கூறினர். அவ்வறிவுரை உடனே செவி புகவில்லை. வீடில்லாதோர் இலட்சக்கணக்கில் இருக்கையில் பழஞ்சுவரைப் பற்றிப் பேசுவாரை யார் மதிப்பர்?

ஆயினும் 1971 இல் நினைவுச் சின்னங்களைப் பேணும் சபை நிறுவப்பட்டது. 1973 இல் முதன்முதல் தேசியச் சின்னங்களாகப் பிரகடனமான எட்டினுள் ஸ்ரீ மாரியம்மன் ஆலயமும் ஒன்று. ஹஜ்ஜா பாத்திமா பள்ளிவாசல், தியான் ஹொக் கெங் சீனர் கோயில், ஆர்மீனியர் தேவாலயம், தெலோக் ஆயர்ச் சந்தை என்பவும் அதிற் சேர்ந்தன. சென் அன்ட்றூஸ் பேராலயமும் அவற்றுள் ஒன்று. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பினால் எழுந்தது அது. மூன்று முறை நிலம் தேடி அலைந்த கோயிலை நூற்றைம்பது ஆண்டுகளின் பின் சட்டமே காவல் காத்தது.

எல்லாக் கோயில்களுக்கும் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. ஓச்சட் றோட்டில், டோபி காட் அருகே, விளங்கிய சிவன் கோயில் நிலத்தடிப் புகையிரதப் பாதைக்காக 1983 இல் இடம்பெயர நேர்ந்தது. சிராங்கூன் றோட்டில் சில காலம் தங்கி, 1993 இல் கேலாங் ஈஸ்டில் புதிய கோயிலில் மூர்த்தி எழுந்தருளினார். வழிபாடு அறுபடவில்லை. ஆயினும் தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் கும்பிட்ட அடியார்க்கு அந்த இடமும் ஒரு பொருளே அல்லவா?

தனித்தனிக் கட்டிடத்தைக் காப்பது போதாது, வீதி முழுவதையும் காக்க வேண்டும் என்ற தெளிவு எண்பதுகளில் உண்டாயிற்று. உல்லாசப் பிரயாணிகளின் வரவு குறைந்ததும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறைத்தற்கில்லை. 1986 இல் நகர மறுசீரமைப்பு ஆணையம் பாதுகாப்புத் திட்டத்தை வெளியிட்டது. 1989 யூலை 7 ஆந் திகதி சைனாரவுன், லிற்றில் இந்தியா, கம்போங் கிளாம் முதலிய பகுதிகள் சட்டப்படி காக்கப்படும் பகுதிகளாயின. இன்று காக்கப்படும் கட்டிடங்களின் தொகை 7,000 ஐத் தாண்டியுள்ளது.

இத்துணை நற்செயலினுள் ஒரு குறையும் ஒளிந்துள்ளது. காத்த வீதிகளில் முன்பு வாழ்ந்தோர் அதற்கு முன்னரே தொடர்மாடிகளுக்குச் சென்றுவிட்டனர். 1983 இல் சைனாரவுன் வீதி வியாபாரிகள் கிறேற்ரா ஆயர் கட்டிடத்தினுள் மாற்றப்பட்டனர். வாடகைக் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து 2001 இல் முற்றாக நீங்கிற்று. திருத்தி வர்ணம் பூசிய கடைவீடுகளின் விலை ஏற, உணவுச்சாலைகளும் காரியாலயங்களும் அவற்றினுட் புகுந்தன. முகப்பைச் சட்டம் காத்தது. குடித்தனத்தைக் காக்க அதனால் இயலவில்லை.

லிற்றில் இந்தியா ஓரளவு தப்பியது எனலாம். எருமை வர்த்தகம் நடந்த அப்பகுதியின் வீதிகள் பவலோ றோட், கெர்பாவ் றோட் என இன்றும் அதே பெயரோடு உள்ளன. பழைய தேக்காச் சந்தை 1982 இல் வீதிக்கு மறுபுறம் மாடிக் கட்டிடத்துக்கு மாறிற்று. அதன் மேலே மக்கள் குடியிருக்கின்றனர். லிற்றில் இந்தியா ஆர்கேட் எனப்படும் பழைய கடைவீட்டுத் தொகுதியை இந்து அறக்கட்டளை வாரியமே புதுப்பித்தது. பூமாலை கட்டுவோரும் மளிகை விற்போரும் நகை செய்வோரும் இன்னும் அங்கு உளர். ஞாயிறு தோறும் தமிழகத்திலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் சென்ற தொழிலாளர் ஆயிரக்கணக்கில் அங்கு கூடுகின்றனர். கோயிலுக்கு அடியாரும் கடைக்கு வாடிக்கைக்காரரும் இருக்கும் வரைக்கும் ஒரு வீதி காட்சிச்சாலையாகி விடுவதில்லை.

அண்மைக் காலத்தில் குடியிருப்பும் புராதனமும் ஒன்றே என்ற எண்ணம் அங்கு முளைத்துள்ளது. ஸ்ரம்போர்ட் றோட்டில் 1960 இல் திறந்த செங்கல் நூல்நிலையம், மக்கள் எதிர்ப்புக்கு இடையிலும், சுரங்கப் பாதைக்காக 2004 இல் மூடப்பட்டுப் பின் இடிக்கப்பட்டது. அந்த ஏமாற்றம் பலரை விழிக்கச் செய்தது. 2003 இல் தியோங் பாருவின் இருபது பழைய மாடிக் கட்டிடங்கள் காப்பு நிலை பெற்றிருந்தன. டகோட்டா கிறசென்ற் என்னும் ஐம்பதுகளின் குடியிருப்பிலிருந்து 2016 ஆம் ஆண்டளவில் மக்கள் வெளியேற்றப்பட்டனர். முன்னாட் குடியிருந்தோரும் பொதுமக்களும் விடாது வாதாடியதன் பயனாக, 2017 இல் அவற்றுள் ஆறு கட்டிடங்களை வைத்திருக்க அரசினர் இசைந்தனர். ஏழைக்கென்று கட்டிய எளிய வீடும் ஒரு நாட்டின் சரித்திரமே என்ற உண்மை அங்கு ஒப்புக்கொள்ளப்பட்டது.

நாம் பெறும் பாடம்

இவ்வரலாற்றை நோக்கும்போது மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, நிலத்தின் விலையைக் கட்டுப்படுத்தாது ஏழைக்கு வீடு கட்டுதல் இயலாது. சிங்கப்பூர் துணிந்து அதனைச் செய்தது. அத்துணிவுக்குச் சிலர் கொடுத்த விலை பெரிது. இரண்டாவது, வாடகையை மட்டும் நிறுத்தி வைத்து வீட்டைத் திருத்த வழி செய்யாவிடின், வீடும் குடியும் ஒருங்கே நலியும். மூன்றாவது, மக்களை முதலில் வெளியேற்றி விட்டுப் பின்னர் சுவரைக் காக்க முற்படுவது காலம் பிந்திய காவல். குடியிருப்போரோடு சேர்த்தே ஒரு வீதியைக் காக்க வேண்டும். அதற்குத் திட்டம் தீட்டும் நாளிலேயே அவர்களையும் அழைத்துக் கேட்டல் வேண்டும்.

சுவரை இடிக்கும் ஆணை வந்த பின்னர் கண்ணீர் விடுவதாற் பயன் சிறிது. நகர அமைப்புப் படம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் நாட்களில் போய்ப் பார்ப்பவர் எத்தனை பேர்? தம் வீதியின் பழைய வீடுகள் எவை, அவற்றில் வாழ்வோர் யார், வாடகை என்ன என்று எழுதி வைத்திருப்பவர் எத்தனை பேர்? டகோட்டா கிறசென்றில் ஆறு கட்டிடங்கள் தப்பியதற்குக் காரணம் அவ்வாறு பொறுமையாகத் தேடி, எழுதி, வாதாடியவர்களே.

எமது வாலிபர்கள் தாம் வாழும் ஊர் எதுவாயினும் இப்பணியிற் புகுதல் வேண்டும். கோயிலுக்குத் திருப்பணி செய்வது போலவே, கோயிலைச் சூழ வாழும் எளிய குடிகள் அங்கேயே நிலைக்க வழி தேடுவதும் ஒரு திருப்பணி என்பதை நாம் மறவாதிருப்போமாக.